யோர்தானுக்காகக் காத்திருந்தவள்

எங்கள் ஊருக்குப் பைசாந்தியம் என்று ஒரு பெயர் இருந்தது. மீனும் மீன் நாற்றமுமாகச் சுமாரான ஊர். ரோமப் பேரரசர் ஒருநாள் கையில் ஈட்டியோடு வந்து, மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே நடந்தார். கோட்டுக்கு உள்ளே அகப்பட்டதெல்லாம் அவர் பெயர் தாங்கிய புதுத் தலைநகரம் ஆயிற்று. என் சவரக்கடையும் கோட்டுக்கு உள்ளேதான் அகப்பட்டது. ஆகவே நான் இருந்த இடத்திலிருந்து அசையாமலே தலைநகர்வாசி ஆனேன்.

பேரரசர் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர். ஒரு போருக்கு முன்னால் வானத்தில் சிலுவை அடையாளத்தைக் கண்டாராம். அன்றிலிருந்து தொட்டதெல்லாம் வெற்றி. அதுவரை கிறிஸ்தவர்களைக் காட்டிக்கொடுத்துப் பிழைத்தவர்கள்கூட, தாங்கள் தாய் வயிற்றிலேயே கிறிஸ்தவர்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் பழைய தெய்வங்களோடு நின்றுவிட்டேன். பக்தியினால் அல்ல, சோம்பலினால். சவரக்காரனிடம் யாரும் மதம் கேட்பதில்லை. கத்தி கூராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

சதுக்கத்தின் நடுவில், உயர்ந்த தூணின் உச்சியில் பேரரசரின் சிலை நிற்கிறது. தலையைச் சுற்றிச் சூரியக் கதிர்கள். சூரியனைக் கும்பிடுகிறவர்கள் அது சூரியன் என்று கும்பிட்டார்கள். கிறிஸ்தவர்கள் தூணடியில் விளக்கேற்றினார்கள். இரு தரப்புக்கும் கழுத்து மட்டும் ஒரே மாதிரி வலித்தது. பிறகு தங்கக் காசில் அவர் முகத்தை வானத்தைப் பார்ப்பதுபோல் அடித்து வெளியிட்டார்கள். அவ்வளவுதான், அரண்மனைக்காரர்கள் எல்லோரும் கண்ணை மேலே செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். படிகளில் உருண்டவர்கள் பலர். எனக்கு அதில் ஒரு வசதி. கழுத்தை மழிக்கும்போது "தலையை நிமித்துங்க" என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படிக் கண்ணைச் செருகி நடப்பதில் முதலிடம் என் தங்கை அப்பியாவின் கணவர் கர்த்தேரியோஸுக்கு. அரண்மனையில் அவருக்குத் திரை விலக்கும் உத்தியோகம். பேரரசர் வீற்றிருக்கும் மண்டபத்தின் வாசலில் கருஞ்சிவப்புத் திரை ஒன்று தொங்கும். அதன் இடது பக்கத்தைப் பிடித்து ஒதுக்குகிறவர் அவர். "நான் விலக்கலைன்னா சாம்ராஜ்யம் பேரரசரைப் பாக்கவே முடியாது மச்சான்" என்பார். வலது பக்கத்தைப் பிடிக்கிறவரும் தன் மைத்துனரிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொல்லாத மனிதர் அல்ல. விருந்து நாட்களில் அரண்மனைப் பந்தியிலிருந்து தேனில் ஊறிய அத்திப்பழங்களை அங்கியின் கைக்குள் ஒளித்து அப்பியாவுக்குக் கொண்டுவருவார். அங்கி பாழாகும், எறும்பு மொய்க்கும். அவள் திட்டிக்கொண்டே தின்பாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, எலியான். பேச ஆரம்பித்திருந்த வயதில் காய்ச்சல் கண்டது. பிழைக்காது என்று தெரிந்ததும் பக்கத்துத் தேவாலயத்தின் குரு சோசிமோஸ் ஓடிவந்து, தலையில் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்தார். ஈரத் தலை காய்வதற்குள் பிள்ளை போய்விட்டான்.

"அழாதம்மா. உன் புள்ளை நேரா உள்ள போயிட்டான்" என்றார் சோசிமோஸ்.

அந்தச் சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. உள்ளே. கோயிலிலும் உள்ளே, வெளியே என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும், "முழுக்கு வாங்காதவங்க எல்லாம் வெளிய போங்க" என்று ஒருவர் உரக்கக் கூவுவார். அவர்கள் வெளியேறியதும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருப்பவர்கள் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்வார்கள். கிறிஸ்துவை நம்பி, ஆனால் திருமுழுக்கைத் தள்ளிப்போட்டவர்கள் ஊரில் பாதிப்பேர். அவர்கள் வெளியே வந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். அப்பியா போகமாட்டாள். சாத்திய கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒருமுறை நான் அவளைக் கூப்பிடப் போனேன்.

"வா, வெயில் ஏறுது."

"உள்ள பாடறாங்கண்ணே. கேளேன்."

"கேக்குது. சுதி சேரலை."

"முழுக்கு வாங்கினவங்கதான் எலியான் இருக்கற இடத்துக்குப் போகமுடியுமாம். சாமி சொன்னாரு. நான் செத்தா இப்படித்தான், கதவுக்கு வெளிய நிப்பேன்."

எனக்கு அவர்களுடைய சொர்க்கத்தின் வாசல் விவகாரங்கள் தெரியாது. எங்கள் பழைய பாதாளத்தில் கதவு என்று ஒன்று இருந்தாலும் எல்லோரையும் உள்ளே விட்டுவிடுவார்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, இவளை யாராவது உள்ளே விட்டுத் தொலைக்கக்கூடாதா என்றிருந்தது.

நோன்புக்காலம் தொடங்குமுன் திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வேண்டும். ஈஸ்டர் அன்று தொட்டியில் இறக்குவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவள் கேட்பாள். ஒருமுறை நான் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதே கேட்டாள்.

"ஏங்க, இந்த வருஷம் நம்ம பேரைக் குடுத்துரலாமா?"

"பேரரசர் குடுத்துட்டாரா?" என்றார் கர்த்தேரியோஸ்.

"அவருக்கு ஆயிரம் வேலை."

"அப்பியா, அவர் எழுந்திருக்கும்போது நான் உக்காந்திருக்க முடியுமா? அவர் ரொட்டியைத் தொடறதுக்கு முன்னாடி நான் தொட முடியுமா? அவரே இன்னும் முங்கலை. நாம முந்திக்கிட்டுப் போய் முங்கினா என்ன அர்த்தம்? ஐயா, உங்களைவிட நாங்க பரிசுத்தம்னு அர்த்தம்."

"தண்ணிலகூடவா வரிசை, மாப்பிள்ளை?" என்றேன்.

"தண்ணிலதான் மச்சான் வரிசை ரொம்ப முக்கியம். உங்களுக்குப் புரியாது. அதோட அவர் சும்மா தள்ளிப்போடலை. முழுக்குங்கறது ஆயுசுக்கும் ஒரே தடவை. அதுவரைக்கும் செஞ்ச பாவமெல்லாம் போயிரும். அதுக்கப்புறம் செஞ்சா ஒட்டிக்கும். அதனாலதான் கடைசிக்குன்னு வெச்சிருக்கார். செய்யவேண்டியதையெல்லாம் செஞ்சு முடிச்சுட்டு, போகும்போது ஒரே முழுக்கு. எவ்வளவு பெரிய மூளை பாருங்க!"

"அவருக்குக் கழுவ நெறைய இருக்கு. பெத்த மகனையே..." என்றாள் அப்பியா. "எனக்கு என்ன இருக்கு? நான் யாரைக் கொன்னேன்?"

கர்த்தேரியோஸ் வாயில் இருந்த மீனோடு எழுந்து ஓடி ஜன்னலைச் சாத்தினார்.

பேரரசரின் மூத்த மகன் என்று ஒருவர் இருந்தார். போர்களில் வென்றவர், அழகர். தகப்பனின் ஆணையால் செத்தார். கல்வெட்டுகளிலிருந்து அவர் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். தடவிப் பார்த்தால் கல்லில் பள்ளம் தெரியும். அதே ஆண்டில் பேரரசியும் வெந்நீர்க் குளியலறைக்குள் போனவள் திரும்பி வரவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உரக்க அல்ல. என் கடையில்கூட இதைப் பேசுகிறவர்கள் கத்தி கழுத்தில் இருக்கும்போதுதான் பேசுவார்கள். அப்போது உதடு அசைந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு கர்த்தேரியோஸ் வேறொரு செய்தியோடு வந்தார். பேரரசர் யோர்தான் நதியில், கிறிஸ்து முங்கிய அதே தண்ணீரில் முங்கப்போகிறாராம்.

"பாரசீகத்து மேல படையெடுப்பு இருக்கு. போற வழியிலே யோர்தான். அரண்மனை மொத்தமும் கூடப் போகுது. உன்னையும் கூட்டிட்டுப் போறேன். அவர் முங்கினதும் அடுத்து நாம. இந்த ஊர்த் தொட்டில, மீன்காரிங்களோட போய் முங்கறதா? நீ யாரு, யாரோட பொண்டாட்டி?"

"ஆறு எவ்வளவு தூரங்க?"

"தூரம்தான். தேர்ல போனா தூரமா?"

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் கண்டது. நோன்பு தொடங்கும்போது இருமலில் ரத்தம் வந்தது. அவள் அதைத் துணியில் துடைத்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, "யோர்தான் தண்ணி சில்லுன்னு இருக்குமாண்ணே?" என்று என்னைக் கேட்டாள். நான் நேரே சோசிமோஸிடம் போனேன்.

"சாமி, நோயாளிக்கு வீட்லயே வந்து முழுக்குக் குடுப்பீங்கல்ல? என் தங்கச்சிக்கு வந்து குடுத்துடுங்க."

"உனக்கென்னப்பா இதுல அக்கறை? நீ அப்பொல்லோனுக்குச் சாம்பிராணி போடற ஆள்."

"அதையும் போடறதில்லை சாமி, மறந்துருவேன். அவ கேக்கறா. தாகத்துக்குக் கேக்கற மாதிரி கேக்கறா."

சோசிமோஸ் நல்லவர், பருமனானவர். நல்லவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் உள்ள பயம் அவருக்கும் இருந்தது.

"குடுக்கலாம். தாராளமா குடுக்கலாம். ஆனா அவங்க வீட்டுக்காரர் வாயால ஒரு வார்த்தை வரணும். அரண்மனைக் குடும்பம். நாளைக்கு எவனாவது, பேரரசரை முந்தச் சொல்லி உசுப்பிவிட்ட குரு யாருன்னு கேட்டா நான் எங்க போவேன்? குருமாருக்கெல்லாம் தலைவருங்க, நம்ம ஆயர்களையே தூக்கி எங்கெங்கேயோ அனுப்பறாங்க. நான் எம்மாத்திரம்?"

"அவ செத்துட்டா?"

"சாகமாட்டா. வேண்டிக்கறேன்" என்றார். உண்மையாகவே வேண்டிக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது.

ஈஸ்டர் வந்தது, போயிற்று. மீன்காரிகள் எல்லோரும் வெள்ளையுடுத்தித் தொட்டியிலிருந்து ஏறி, விளக்கோடு தெருவில் போனார்கள். அப்பியா படுக்கையிலிருந்து அவர்கள் பாட்டைக் கேட்டாள்.

பிறகுதான் பேரரசருக்கு உடம்பு சுகமில்லை என்ற செய்தி. படையெடுப்பு நின்றது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனார். அங்கும் குணமாகவில்லை. நிக்கோமீதியா நகரத்துக்குப் பக்கத்து மாளிகையில் படுத்திருக்கிறார் என்றார்கள். கர்த்தேரியோஸ் தினமும் வீட்டுக்கு வந்ததும் அப்பியா தலையணையிலிருந்து எழ முயன்றுகொண்டு கேட்பாள்: "அவருக்கு எப்படி இருக்காம்? முங்கிட்டாராமா?" சாம்ராஜ்யத்தில் அவர் உடல்நிலையை இவ்வளவு ஆவலோடு விசாரித்த ஜீவன் வேறில்லை. பக்கத்து வீட்டுக் கலிஸ்தா இதைக் கேட்டுவிட்டு, "என்ன ராஜபக்தி!" என்று கண் கலங்கினாள்.

ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே திருநாள் கழிந்து குதிரைவீரன் வந்தான். பேரரசர் இறந்துவிட்டார். கடை வீதி மூடியது, குளியல் கூடங்கள் மூடின. துக்கத்துக்குச் சவரம் கூடாது என்பதால் என் கடையும் மூடியது. வீரர்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டு அழுதார்கள். சம்பளம் இனி யார் தருவார்கள் என்று தெரியாதவர்கள் அழுவதுபோல் வேறு யாராலும் அழ முடியாது.

கர்த்தேரியோஸ் வீங்கிய கண்களோடு வீட்டுக்கு வந்தார். அப்பியா கேட்டது ஒன்றுதான்.

"முங்கினாரா?"

"முங்கினார். படுக்கையிலேயே குடுத்தாங்களாம். ஊதா ராஜ அங்கியைக் கையால தொடமாட்டேன்னுட்டு, கடைசிவரைக்கும் வெள்ளையிலேயே படுத்திருந்தாராம்."

"யோர்தான்லயா?"

"இல்லை. இருந்த இடத்துலயே. ஒரு கிண்ணத்துத் தண்ணி."

அவள் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. "அப்போ நாமளும் இருந்த இடத்துலயே வாங்கிக்கலாம்ல? சாமியைக் கூப்பிடுங்க."

நானும் எழுந்துவிட்டேன், சோசிமோஸைக் கூட்டிவர. கர்த்தேரியோஸ் கையைக் காட்டித் தடுத்தார்.

"உக்காருங்க மச்சான். இனிமே தடையே இல்லை. ஆனா இப்பப் போய் சோசிமோஸா? அடக்கத்துக்கு ஆயர்கள் எல்லாரும் வராங்க. பேரரசர் தலைல தண்ணி ஊத்தின அதே ஆயர், அதே கை. நான் பேசிட்டேன். அப்பியா, உனக்கு வெள்ளைப் பட்டுக்குச் சொல்லியாச்சு."

"அடக்கம் எப்போ, மாப்பிள்ளை?"

"இளவரசர்கள் வந்ததும்."

"எப்போ வருவாங்க?"

"கிளம்பியிருப்பாங்க" என்றார்.

இளவரசர்கள் கிளம்புவதற்குள் பேரரசர் வந்துவிட்டார். தங்கப் பெட்டியில் அவரை அரண்மனையின் பெரிய மண்டபத்தில், உயரமான மேடைமேல் வைத்தார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய ஊதாவை மறுபடியும் போர்த்தினார்கள். கிரீடம், சுற்றிலும் தங்க விளக்குகள். பகலும் இரவும் குருமார் முறைபோட்டுப் பாடினார்கள். அதோடு நின்றிருந்தால் துக்கம் என்று சொல்லலாம். காலையில் தர்பாரும் நடந்தது. தளபதிகளும் நீதிபதிகளும் வழக்கமான நேரத்துக்கு வந்து, தத்தம் வரிசையில் நின்று, மண்டியிட்டு வணங்கிவிட்டுப் போனார்கள். கர்த்தேரியோஸ் திரையை விலக்கினார்.

"மாப்பிள்ளை, உள்ள இருக்கறவர் இறந்துட்டாரா, இல்லையா?" என்று கேட்டேன்.

"அது வைத்தியருங்க விஷயம் மச்சான். அரண்மனையைப் பொறுத்தவரைக்கும், இளவரசர் வந்து அறிவிக்கற வரைக்கும் அவர் இருக்கார்."

"ஏதாவது பேசறாரா?"

"முன்னாடியும் அதிகம் பேசமாட்டார்."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. தர்பாரை முடித்துவைப்பது பேரரசர். அவர் இலேசாகத் தலையசைத்தால்தான் எல்லோரும் கலையலாம். அதுவரை யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது. இப்போது தலையசைப்பது யார்? முதல் நாள் உச்சிவெயில்வரை நின்று இருவர் மயங்கி விழுந்த பிறகு, பள்ளியறைத் தலைவர் ஹெர்மியாஸ் ஒரு வழி கண்டார். பெட்டியருகே போய்ப் பேரரசரின் வாயோரம் காதை வைப்பார். கேட்பார். நிமிர்ந்து, "பேரரசர் விடை தந்தார்" என்பார். முக்கியமானவர்கள் வந்திருந்தால் அவர் வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்பார். அவருக்கு வரவிருந்த பதவியும் அந்தக் குனிதலின் நீளத்தில்தான் இருந்தது என்று பேச்சு.

அந்த நாட்களில் ஒரு காலையில் அப்பியாவின் மூச்சு மாறியது. கலிஸ்தா அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் முகத்தைத் துடைத்தேன்.

"அண்ணே, பட்டு வேண்டாம். ஆயர் வேண்டாம். சோசிமோஸ் சாமி போதும்" என்றாள். "எங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லு. கோவமில்லைன்னு சொல்லு. ஒரு கிண்ணத்துத் தண்ணிதானே."

கோயிலுக்கு ஓடினேன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவன், "சாமி இல்லை. எல்லாச் சாமியும் அரண்மனைல பாடறாங்க" என்றான். அரண்மனைக்கு ஓடினேன். மைத்துனர் பெயரைச் சொல்லி, முன்னமே சவரம் செய்து பழகிய காவலாளிகளைக் கெஞ்சி, திரைவரைக்கும் போய்விட்டேன்.

தர்பார் நடந்துகொண்டிருந்தது. திரை விலகியிருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு கர்த்தேரியோஸ் கல்லாய் நின்றிருந்தார். உள்ளே விளக்குகளின் நடுவே பெட்டி. அதன் பக்கத்தில் பாடுகிற வரிசையில் சோசிமோஸின் பருத்த உருவமும் தெரிந்தது.

கர்த்தேரியோஸின் காதருகே போனேன். "மாப்பிள்ளை, போய்க்கிட்டிருக்கா. சோசிமோஸைக் கூட்டிட்டு உடனே வாங்க."

அவர் உதடு மட்டும் அசைந்தது. "விடை குடுக்கலையே."

"யாரு?"

அவர் கண் பெட்டியைப் பார்த்தது.

"மாப்பிள்ளை, அது பொணம்."

"சத்தம் போடாதீங்க மச்சான். இப்ப முடிஞ்சுரும். இப்ப முடிஞ்சுரும்."

கீழை எல்லையிலிருந்து வந்த தளபதிகள் அன்று முதன்முறையாக வணங்க வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். பிறகு ஹெர்மியாஸ் மேடையேறினார். குனிந்தார். காதை வைத்தார். தளபதிகள் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று பேரரசர் நிறையப் பேசினார். ஹெர்மியாஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒருமுறை புன்னகைகூடச் செய்தார். கர்த்தேரியோஸின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கக் கையில்லை, கைகளில் திரை இருந்தது. நான் வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். காவலாளியின் உள்ளங்கை என் வாய்மேல் இருந்தது.

"பேரரசர் விடை தந்தார்."

திரை விழுந்தது. கர்த்தேரியோஸ் உள்ளே பாய்ந்து, பாட்டின் நடுவிலேயே சோசிமோஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மூவரும் தெருவில் ஓடினோம். அரண்மனை அங்கியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு ஓடுகிற திரைக்காரரையும், எண்ணெய்ச் சிமிழ் குலுங்க மூச்சிரைக்கிற குருவையும் பார்த்து ஜனங்கள் சுவரோடு ஒதுங்கினார்கள்.

கலிஸ்தா வாசலில் நின்றிருந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கர்த்தேரியோஸ் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். படுக்கையருகே உட்கார்ந்து அப்பியாவின் கையை எடுத்தார்.

"சூடா இருக்கா சாமி. தொட்டுப் பாருங்க. தண்ணி ஊத்துங்க."

சோசிமோஸ் கையை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "சூடு இருக்கும் ஐயா. மூச்சு இல்லை."

"கேள்வியைக் கேளுங்க. பிசாசை விட்டுட்டியா, கிறிஸ்துவை நம்பறியா, கேளுங்க. பதில் நான் சொல்றேன்."

"அதை அவங்கதான் சொல்லணும். இறந்தவங்களுக்கு முழுக்குக் கிடையாது ஐயா."

"இறந்தவங்களா?" கர்த்தேரியோஸ் எழுந்து நின்றார். குரல் திடீரென்று அரண்மனைக் குரலாயிற்று. "யார் அறிவிச்சது? இந்த வீட்டுக்கு நான்தான் தலைவன். நான் இன்னும் அறிவிக்கலை. நான் அறிவிக்கற வரைக்கும் அவ இருக்கா."

"ஐயா..."

"இப்ப எங்கேருந்து வறீங்க நீங்க? அங்க நின்னு யாருக்குப் பாடினீங்க? தளபதிங்கல்லாம் யாருக்கு மண்டி போட்டாங்க? அவர் கேக்கறார்னா இவளும் கேக்கறா. அவர் பேசறார்னா இவளும் பேசறா. ஊத்துங்க சாமி!"

சோசிமோஸின் பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதது. "நான் அன்னைக்கே வந்திருக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கர்த்தேரியோஸ் திரும்பினார். படுக்கையின் மேல் குனிந்து, அப்பியாவின் வாயோரம் காதை வைத்தார். அப்படியே இருந்தார். வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள். கலிஸ்தா விம்மலை அடக்கிக்கொண்டாள். அவர் நிமிரப்போகிறார், சம்மதம் தந்துவிட்டாள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் நானே சாட்சி சொல்வது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார்.

"ஒண்ணும் சொல்லலை மச்சான்" என்றார். "ஒண்ணுமே சொல்லலை."

எலியானைப் புதைத்த இடத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மட்டுமே இடம். அப்பியாவை எங்கள் பெற்றோர் கிடக்கும் பழைய மயானத்தில், கடலைப் பார்த்த சரிவில் புதைத்தோம். சோசிமோஸ் யாருக்கும் சொல்லாமல் வந்து தள்ளி நின்றார். கர்த்தேரியோஸ் மறுநாளே திரைக்குப் போகவேண்டியிருந்தது. பேரரசரின் அரண்மனையில் வேறு சாவுக்குத் துக்கம் அனுசரிக்க வழியில்லை.

கடைசியில் ஓர் இளவரசர் வந்தார். பேரரசரை அவரே கட்டிவைத்திருந்த கோயிலில் பெரும் சிறப்போடு அடக்கம் செய்தார்கள். இறந்தவர் காட்டிய வழி என்று அரண்மனைக்காரர்கள் பலர் அவசரமாகத் தொட்டியில் இறங்கினார்கள். புதிய ஆட்சியாளரும் திருமுழுக்குப் பெறாதவர், தள்ளிப்போடுகிறவர் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. இறங்கியவர்கள் அசடு வழிந்தார்கள். இறங்காமல் இருந்த கர்த்தேரியோஸைப் பார்த்து, "பழுத்த ஆள்யா, காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்கார்" என்று என் கடையிலேயே வியந்தார்கள். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. இப்போது திரையின் வலது பக்கம்.

அந்தச் செய்தியோடு ஒருநாள் சவரத்துக்கு வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. முகம் ஒட்டிப்போயிருந்தது. கத்தி வைக்கக் கன்னத்தை இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தது.

"சோசிமோஸ் சாமி வந்தார் மாப்பிள்ளை. உங்களுக்கு எப்ப வேணும்னாலும் குடுக்கறேன், யாரையும் கேக்கவேண்டாம்னு சொல்லச் சொன்னார்."

"வேண்டாம்னு சொல்லிருங்க."

"கடைசிக்குன்னு வெச்சிருக்கீங்களா?"

"கடைசிலயும் வேண்டாம் மச்சான்."

கத்தியை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவளுக்கு அங்க, கதவுக்கு வெளிய, தெரிஞ்சவங்கன்னு யாரு இருக்கா? அந்த மீன்காரிங்க, நம்ம தெரு ஜனம், எல்லாரும் முங்கியாச்சு. எல்லாரும் உள்ள போயிருவாங்க. இவ மட்டும் வெளிய நிப்பா."

"நானும் முங்காதவன்தானே மாப்பிள்ளை. நானும் அந்தப் பக்கம்தான் வருவேன்."

"நீங்க வருவீங்கதான். ஆனா உங்களை நம்பமுடியாதே. எங்கேயாவது நின்னு கதையடிச்சுக்கிட்டிருப்பீங்க."

சிரிக்க முயன்றார். நானும் முயன்றேன். பிறகு, கேட்டிருக்கக் கூடாதுதான், வாய் கேட்டுவிட்டது.

"அப்போ எலியான்?"

தண்ணீர் தொட்டு மறு கன்னத்தை மழித்தேன்.

"நல்ல இடத்துல இருக்கான் மச்சான்" என்றார். "பெரிய இடம். பேரரசரே அங்கதான் இருக்கார்."